வெண்ணெய் இல்லாத வெள்ளைப் பூச்சு

என் செல்ல மகளுக்கு அப்பா ஆசையோடு எழுதுவது. இங்கே நான் நலம், வீடு நலம், நீ வாசலில் வைத்துவிட்டுப் போன செடிகூடப் புது இலை விட்டுக்கொண்டு நலமாக நிற்கிறது. அம்மாவின் நலத்தை மட்டும் ஒரு வரியில் எழுதி முடிக்க மனசு வரவில்லை, இந்தக் கடிதமே அதற்காகத்தான். பயந்துவிடாதே, நல்ல சேதி. நல்ல சேதி என்றால் சாதாரண நல்ல சேதி இல்லை, நேற்றிலிருந்து எனக்குக் கால் தரையில் படவில்லை. நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, குளிருக்குக் காதை மூடிக்கொண்டு, சளி பிடிக்காமல் இருப்பாய் என்ற தைரியத்தில் தொடங்குகிறேன். போனில் சொல்லியிருக்கலாம், ஆனால் போனில் நான் ஆரம்பித்தால் நீ நடுவில் சிரிப்பாய், நீ சிரித்தால் நான் விட்ட இடத்தை மறப்பேன், அதற்குள் உன் அம்மா போனைப் பிடுங்கிக்கொள்வாள். காகிதம் என்றால் பிடுங்க முடியாது. எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள், எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னைப் போதும் போ என்று சொல்லிவிட்ட கதை உனக்குத் தெரிந்ததுதானே.

முதலில் என் மானம் போனதைச் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் மற்றதெல்லாம் புரியும். போன வாரம் வேலை முடிந்து நடந்து வந்துகொண்டிருக்கிறேன். நம் தெருமுனையில் காது கிழிந்த பழுப்பு நாய் ஒன்று இருக்குமே, பெயிண்ட் கரைக்கிற டர்பன்டைன் நாற்றத்துக்கு என்னைக் கண்டாலே தும்மிக்கொண்டு ஓடும், அது அன்றைக்கு வாலை ஆட்டிக்கொண்டு பின்னாலேயே வந்தது. ஆஹா, இந்த வயசிலாவது ஒரு ஜீவன் நமக்கு மரியாதை கொடுக்கிறதே என்று நானும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன். மருந்துக்கடை வாசலில் அது என் முழங்கையை நக்கியது. பஸ் நிறுத்தம் வருவதற்குள் இன்னும் இரண்டு சேர்ந்துகொண்டன. ஒன்று முதுகுப் பக்கம் எகிறிக் குதிக்கிறது. பஸ்ஸுக்கு நின்ற கூட்டம் முழுவதும் என்னையே பார்க்கிறது. கையை வீசிச் சீ போ என்று கத்துகிறேன், அதுகளுக்கு அது விளையாட்டு. கடைசியில் பள்ளிக்கூடப் பையோடு நின்ற ஒரு சின்னப் பெண்தான், "மாமா, உங்க முதுகு பூரா கேக் இருக்கு" என்று சொன்னாள். முப்பது வருஷமாக இதே தெருவில் வெள்ளையைப் பூசிக்கொண்டுதான் நடக்கிறேன். சுவரை மழமழப்பாக்குகிற பட்டி, பிரைமர், சுண்ணாம்பு, எதெல்லாமோ. ஒருத்தரும் திரும்பிப் பார்த்ததில்லை. ஒரே ஒரு நாள் தின்கிற வெள்ளையைப் பூசிக்கொண்டு வந்தேன், ஊரே பார்த்துவிட்டது.

சுவருக்கு வெள்ளையடிக்கிறவன் முதுகில் கேக் எப்படி வந்தது என்று கேட்பாய். அம்மாவுக்குப் பித்தப்பையை எடுத்தது உனக்குத் தெரியும், புண் ஆறியதும் தெரியும். அதற்குப் பிறகு நடந்ததை அவள் உன்னிடம் சொல்லவில்லை, என்னையும் சொல்லவிடவில்லை. தேறி எழுந்ததும் பழையபடி கேக்குக்கு ஆர்டர் எடுத்தாள். யாரோ ஒரு குழந்தையின் பிறந்தநாள். வழக்கம்போல வெண்ணெயும் சர்க்கரையும் அடித்து, ஒரு ஸ்பூன் எடுத்து வாயில் வைத்துப் பார்த்தாள். அன்று சாயங்காலம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுத்தவள்தான், எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. டாக்டர் பெரிதாக ஒன்றும் இல்லை என்றார். கொழுப்பு அதிகமானதை உடம்பு இனிமேல் மெதுவாகத்தான் ஏற்கும், வெண்ணெய் மாதிரி ஐட்டங்களைக் கொஞ்ச நாள் தள்ளி வையுங்கள் என்றார், அவ்வளவுதான். ஆனால் அவள் பயந்துவிட்டாள். தன் நாக்கில் வைக்காததை இன்னொருத்தர் வாயில் வைக்க மாட்டேன் என்பதுதான் அவள் வைத்திருக்கிற ஒரே சட்டம், உனக்கே தெரியும். ருசி பார்க்க முடியாது என்றானதும் கிரீம் அடிக்கிற பீட்டரைக் கழுவித் துடைத்து உள்ளே வைத்தாள், ஓவனைப் பழைய போர்வையால் மூடினாள், அதன்மேல் குடைகளையும் பழைய பேப்பரையும் அடுக்கினாள். கேட்டு வருகிறவர்களிடம் கை வலி என்று சொல்லி அனுப்பினாள். நீ போனில் கேக் பேச்சை எடுத்தால் அவள் உன் ஆபீஸ் பேச்சுக்கு ஏன் தாவுகிறாள் என்று என்னிடம் கேட்டாயே, காரணம் இதுதான். நான் அப்போது ஏதோ சொல்லி மழுப்பினேன், இப்போது தெரிந்துகொள்.

உடம்புக்கு ஒன்றும் இல்லை கண்ணு, ஆனால் மனுஷி ஹாலில் ஜன்னலோரமாக அந்தப் பிரம்பு நாற்காலியைப் போட்டுக்கொண்டு, பேங்க்கில் டோக்கன் வாங்கிவிட்டு உட்கார்ந்திருக்கிறவள் மாதிரி வெளியே பார்த்தபடியே இருந்தாள். கேட்டதற்குப் பதில் சொல்வாள், சமைப்பாள், தானாக ஒரு வார்த்தை பேச மாட்டாள், சண்டைகூடப் போட மாட்டாள். சண்டை போடாத உன் அம்மாவை நீ பார்த்திருக்கிறாயா? நான் ருசி பார்த்துச் சொல்கிறேன், நீ செய் என்று ஒருநாள் சொல்லிப் பார்த்தேன். "உங்க நாக்கா? டீக்கும் டர்பன்டைனுக்கும் வித்தியாசம் தெரியாத நாக்காச்சே" என்றாள். உண்மைதான். பிரஷ் ஊறவைத்த டம்ளரை எடுத்து ஒரு மடக்கு குடித்தவன்தானே நான்.

மாடி வீட்டு நர்ஸக்காவை மறந்திருக்க மாட்டாய். ஆபரேஷன் முடிந்து வந்தபோது காலையும் மாலையும் இறங்கி வந்து கட்டு மாற்றிவிட்டுப் போனது அவர்தான். டூட்டிக்கு நேரமாகிவிட்டது என்று செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டே ஓடுவார். அப்போது அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க ரிட்டயர் ஆகிற அன்னைக்கு என் கையால கேக், இப்பவே சொல்லிட்டேன்" என்று வாக்குக் கொடுத்தாள். அந்த நாள் இந்த வெள்ளிக்கிழமைதான் வந்தது. அதற்குப் பத்து நாளைக்கு முன்னால் அம்மா என்னைக் கூப்பிட்டு, "பேக்கரியில நல்லதா ஒண்ணு சொல்லி வச்சிடுங்க" என்றாள். என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை, ஜன்னலைப் பார்த்துச் சொன்னாள். சரி என்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். பேக்கரிக்குப் போகவில்லை. படியேறி நர்ஸக்காவிடம் போய், கேக்மேல் பூசுகிற கிரீமில் அவள் தின்னக்கூடியதாக ஏதாவது உண்டா என்று கேட்டேன். தன் கேக்குக்குத்தான் கேட்கிறேன் என்று அவருக்குத் தெரியாது. "வெண்ணெய்தானே ஒத்துக்கல பெயிண்டரே? ஆடை எடுத்த பால் ஒத்துக்குது, தயிர் ஒத்துக்குது. அதுலயே லேசா ஒண்ணு பண்ணிக் குடுங்களேன்" என்றார். ஏதோ சுவரில் ஆணி அடிக்கச் சொல்வதுபோலச் சொல்லிவிட்டார். நானும் ஆழம் தெரியாமல் காலை விட்டேன்.

வீட்டில் செய்தால் அவளுக்குத் தெரிந்துவிடும் என்று வேலை நடக்கிற இடத்திலேயே ஆரம்பித்தேன். மூன்றாவது மாடியில் ஒரு காலி வீடு, பட்டி பார்த்துக்கொண்டிருக்கிறோம். என்னோடு என் கையாள் நேர்க்கோடு இருந்தான். அவனைத் தெரியும்தானே, வாழ்நாளில் ஒரு நேர்க்கோடு போட்டதில்லை என்பதால் அந்தப் பெயர். பேக்கரியில் ஒன்றும் பூசாத வெறும் கேக் வாங்கினேன். கெட்டித் தயிரில் பொடித்த சர்க்கரையைக் கொட்டி அடித்தேன். சர்க்கரை கரையக் கரையத் தயிர் தண்ணீர் விட்டுக்கொண்டே போனது. சரி பூசினால் நிற்கும் என்று பூசினேன், மழையில் சுண்ணாம்பு வழிகிற மாதிரி நாலு பக்கமும் வழிந்து பலகைக்கு வந்துவிட்டது. நேர்க்கோடு சாவகாசமாக வந்து பார்த்துவிட்டு, "அண்ணே, இது பூச்சா ஒழுகலா?" என்றான். அதை அவன் கேட்கிறான் பார்.

மறுநாள் தயிரில் உள்ள தண்ணீரை முதலில் வடிக்கணும் என்று புத்தி வந்தது. புதுத் துணி வாங்கி, அலசி, தயிரை மூட்டை கட்டி ஏணிப்படியில் தொங்கவிட்டு, கீழே ஒரு பாத்திரம் வைத்தேன். சொட்டுச் சொட்டாக விழுகிறது. அந்த நேரம் பார்த்து வீட்டு ஓனர் உள்ளே வந்துவிட்டார். மூட்டையைப் பார்க்கிறார், பாத்திரத்தைப் பார்க்கிறார், என்னையும் பார்க்கிறார். இது என்ன என்று கேட்டார். நேர்க்கோடு கொஞ்சமும் அசராமல், "வாட்டர் ப்ரூஃபிங் சார்" என்றான். அவர் கிட்டே போய் முகர்ந்து பார்த்துவிட்டு, "நல்ல கம்பெனியா?" என்று கேட்டார். ரொம்ப நல்ல கம்பெனி சார் என்றோம். தலையை ஆட்டிக்கொண்டு போனார். அவருடைய பாத்ரூமுக்கு இப்போது நான் சொந்தச் செலவில் நிஜ வாட்டர் ப்ரூஃபிங் செய்து கொடுக்க வேண்டியிருக்கிறது.

தயிர் என்னவோ பட்டி மாதிரி கெட்டியாக, அழகாக வந்தது. அங்கேதான் என் தொழில் என் காலை வாரியது. எந்தச் சுவராக இருந்தாலும் பூசுமுன் நனைக்கணும், இல்லாவிட்டால் காய்ந்த செங்கல் பூச்சில் உள்ள ஈரத்தை உறிஞ்சிவிடும், பூச்சு உதிர்ந்துபோகும். இது எனக்குத் தூக்கத்திலும் தெரியும். ஆகவே ஒரு புது பிரஷ் எடுத்து, தண்ணீரில் தோய்த்து, கேக்கை நாலு பக்கமும் மேலேயும் நன்றாக நனைத்தேன். வஞ்சனை இல்லாமல் இரண்டு தரம் நனைத்தேன். ஊறட்டும் என்று விட்டுவிட்டு டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்தால் கேக் உட்கார்ந்துவிட்டது. நின்றுகொண்டிருந்த கேக் அப்படியே கால் மடங்கி உட்கார்ந்து, ஒரு பக்கம் சாய்ந்து, கஞ்சியாகிக்கொண்டிருந்தது. அதன்மேல் தயிரைப் பூசினால் இரண்டும் கலந்து ஒன்றாகிவிட்டது. வெறுத்துப்போய்ப் பலகையோடு தூக்கிச் சுவரில் சாய்த்து வைத்தேன், வைத்ததை மறந்து அதன்மேலேயே முதுகைச் சாய்த்து உட்கார்ந்தேன். அந்த முதுகைத்தான் நாய்கள் பார்த்தன.

வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றுவதற்குள் உன் அம்மா மோப்பம் பிடித்துவிட்டாள். "என்ன இது, பெயிண்ட் வாசனைக்குப் பதிலா வெனிலா வாசனை வருது? யார் வீட்டுக்குப் போயிட்டு வர்றீங்க?" என்றாள். இந்த மூஞ்சியை யார் வீட்டில் சேர்ப்பார்கள் என்று நினைத்துச் சந்தேகப்பட்டாளோ தெரியவில்லை, எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. வேறு வழி இல்லாமல் எல்லாவற்றையும் சொன்னேன். நாய் கதைக்கு அவள் சிரிக்கவில்லை. வாட்டர் ப்ரூஃபிங்குக்கும் சிரிக்கவில்லை. கேக்கை நனைத்தேன் என்றதும் பொங்கிவிட்டாள். "நனைச்சீங்களா? தண்ணியிலயா? சுவரா அது? ஒரு கேக்கை இப்படிச் சித்திரவதை பண்ணணும்னு உங்களுக்கு எப்படி மனசு வந்துச்சு?" என்று ஆரம்பித்து, நனைப்பதென்றால் சர்க்கரைப் பாகால் லேசாகத் தடவணும், அதுவும் எப்படித் தடவணும் என்று ஒரு பாட்டம் பாடி முடித்தாள். பிறகு பேச்சை நிறுத்திக்கொண்டு மறுபடி ஜன்னல் பக்கம் பார்த்தாள். ஆனால் கண்ணு, நான் ஒன்றைக் கவனித்தேன். திட்டுவதற்காக அவள் அந்த நாற்காலியைத் தரையில் கீச்சென்று இழுத்து முழுசாக என் பக்கம் திருப்பிப் போட்டிருந்தாள். பல மாசமாக ஒரே பக்கம் பார்த்திருந்த நாற்காலி அது. (அம்மா இந்த இடத்தைப் படித்துவிட்டு, நான் எப்ப நாற்காலியைத் திருப்பினேன், அந்த வரியை அடிச்சுடுங்க என்கிறாள். அடிக்க மாட்டேன்.)

மறுநாள் வேலைக்கு மட்டம் போட்டுவிட்டு வீட்டுச் சமையலறையிலேயே இறங்கிவிட்டேன். இனி ஒளிக்க என்ன இருக்கிறது? வெறும் தயிர் நிற்காது, பிடித்து நிறுத்த ஏதாவது வேணும். வெண்ணெயின் வேலையை வேறு எது செய்யும் என்று யோசித்தபோது பசை ஞாபகம் வந்தது. அந்தக் காலத்தில் சுவருக்குக் காகிதம் ஒட்ட மாவைக் காய்ச்சித்தானே பசை செய்வோம். அதையே தண்ணீருக்குப் பதில் ஆடை எடுத்த பாலில் செய்தால் என்ன? சர்க்கரையையும் அதிலேயே கரைத்துவிட்டால் தயிர் தண்ணீர் விடாதே. எனக்கு நானே கை கொடுத்துக்கொண்டேன். பாலைக் கொதிக்கவைத்து மாவைக் கொட்டினேன். கட்டி கட்டியாகிவிட்டது. அதை உடைக்கிறேன் என்று கிண்டிக்கொண்டிருக்கும்போது ஹாலில் இருந்து குரல் வருகிறது, "அடி பிடிக்குது. இடது பக்கம்." எட்டிக்கூடப் பார்க்காமல் கரண்டிச் சத்தத்தை வைத்தே சொல்கிறாள். இடது பக்கம்தான் கருகியிருந்தது. கொஞ்ச நேரம் கழித்து, யாருக்கோ சொல்வதுபோல, "சூடில்லாத பால்லயே மாவைக் கரைச்சுட்டு அப்புறம்தான் அடுப்புல வைப்பாங்க" என்றாள். எழுந்து வரவில்லை.

அப்படியே செய்தேன். சின்னத் தீயில் கிண்டக் கிண்ட, கரண்டி போன வழி மூடாமல் நிற்கிற பதத்துக்கு வந்தது. பளபளவென்று, ஒரு கட்டி இல்லை, பால் வாசனை வீடு முழுவதும். மிச்சமான பெயிண்ட்டின் மேல் ஏடு படியாமல் இருக்க நாங்கள் பிளாஸ்டிக் தாளை ஒட்டினாற்போல் மூடி வைப்போம், அதேபோல் பசையின் மேல் சுத்தமான தாளைப் படுத்து வைத்தேன். தாள் சலசலத்ததைக் கேட்டவள், "ம்" என்றாள். உன் அம்மா பாஷையில் அது பெரிய பாராட்டு. கூடவே, "ஆறட்டும். முழுசா ஆறினதும்தான் தயிர்ல சேர்க்கணும்" என்றும் சொன்னாள். சரி சரி என்றேன். கொஞ்ச நேரம் அங்கேயும் இங்கேயும் நடந்தேன். வடித்து வைத்திருந்த தயிரில் பாதியை எடுத்து ஒரு கிண்ணத்தில் வைத்தேன். "ஆறிடுச்சா?" என்று கேட்டாள். ஆறிடுச்சு என்றேன். பாதிப் பசையை எடுத்துத் தயிரில் ஊற்றிச் சடசடவென்று அடித்தேன். அவ்வளவுதான், தயிர் திரிந்து, தண்ணீர் பிரிந்து, கிண்ணம் முழுக்கத் திட்டுத் திட்டாக ஆகிவிட்டது. அடிக்கிற சத்தம் சளக் சளக் என்று மாறியது அவள் காதில் விழுந்திருக்கிறது. நாற்காலி பின்னால் தள்ளப்படுகிற சத்தம் எனக்குக் கேட்டது. இடுப்பில் முந்தானையைச் செருகிக்கொண்டு வாசற்படியில் வந்து நிற்கிறாள். "முதல் கோட் காயாம ரெண்டாவது கோட் போடாதேன்னு ஊரெல்லாம் கத்துற மனுஷன், ஒரு கிண்ணம் பசை ஆறுற வரைக்கும் பொறுக்க முடியலையா? ஊருக்கு உபதேசம், வீட்டுக்கு ஒண்ணும் கிடையாதா? நகருங்க." கையில் இருந்த பீட்டரை வெடுக்கென்று பிடுங்கினாள். நான் நகர்ந்தேன். இவ்வளவு சந்தோஷமாக நான் எந்த இடத்தை விட்டும் நகர்ந்ததில்லை.

நல்ல வேளை, பசையில் பாதியும் தயிரில் பாதியும் மிச்சம் இருந்தன. பசைப் பாத்திரத்தைக் குளிர்ந்த தண்ணீரில் உட்கார வைத்து, உள்ளங்கையை அடியில் வைத்துப் பார்த்துப் பார்த்து ஆறவிட்டாள். முதலில் பசையை மட்டும் தனியாக அடித்து இளக்கினாள். பிறகு தயிரை ஒவ்வொரு கரண்டியாகப் போட்டு, அடிக்காமல், கீழே இருந்து மேலே மடித்து மடித்துக் கலந்தாள். கொஞ்சம் வெனிலா, எலுமிச்சைத் தோலை லேசாகத் துருவி ஒரு சிட்டிகை. கரண்டியைத் தூக்கினாள், கரண்டியிலேயே மேகம் மாதிரி நின்றது, விழவில்லை. இனிப் பாக்கி இருந்தது ஒன்றுதான். ஸ்பூன் நுனியில் எடுத்தாள். எடுத்த கை பாதியில் நின்றுவிட்டது. அந்த ஸ்பூனை முன்பின் தெரியாத ஆளைப் பார்ப்பதுபோலப் பார்க்கிறாள். நான் ஏதாவது சொல்லப்போய் அவள் கீழே வைத்துவிடுவாளோ என்று சொட்டுகிற குழாயைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வாயில் வைத்தாள். கண்ணை மூடினாள். "உப்பு ஒரு கல் போடணும்" என்றாள். கண் கலங்கியிருந்தது. (நான் எப்ப அழுதேன், எலுமிச்சை தெறிச்சது என்கிறாள். சரி, எலுமிச்சை.)

அன்று சாயங்காலம் முழுவதும் அவள் வயிற்றில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், நான் ஏற்கெனவே கழுவிவிட்ட பிரஷ்ஷையே மறுபடி மறுபடி கழுவிக்கொண்டிருந்தேன். விளக்கு போடுகிற நேரம் வந்தது. எப்படி இருக்கு என்று கேட்கவும் பயம், கேட்காமல் இருக்கவும் முடியவில்லை. கடைசியில் அவளே, "ஏங்க" என்றாள். பிரஷ்ஷைப் போட்டுவிட்டு ஓடினேன். "பசிக்குது" என்றாள். அடி என் மகளே, அந்த ஒரு வார்த்தைக்கு நான் ஊரையே வெள்ளையடித்துக் கொடுப்பேன்!

விடிந்ததும் ஓவன் மேலிருந்த போர்வை போய்விட்டது. குடைகளுக்குப் போக்கிடம் இல்லாமல் இப்போது பாத்ரூம் மூலையில் நிற்கின்றன. வியாழக்கிழமை கேக் சுட்டாள். முதலில் மெல்லிசாக ஒரு பூச்சு பூசி, உதிர்கிற தூளையெல்லாம் அதில் பிடித்து, ஃபிரிட்ஜில் வைத்து இறுகிய பிறகு இரண்டாவது பூச்சு. அட, இது நம்ம பிரைமர் என்று கத்தினேன். "நாங்க எத்தனையோ வருஷமா பண்றோம், நீங்க இன்னைக்குத்தான் சமையல்கட்டுப் பக்கம் வந்திருக்கீங்க" என்றாள். இவ்வளவு பாடுபட்டவன் என்று ஒரு பக்கத்தை எனக்கு விட்டுக்கொடுத்தாள். பட்டி இழுக்கிற புது பிளேடு வாங்கி வெந்நீரில் போட்டு எடுத்து, இழுத்தேன் பார், கண்ணாடி மாதிரி வந்தது என்று எழுதத்தான் ஆசை. சாய்ந்துவிட்டது. நேர்க்கோடு பார்த்தால் மானம் போய்விடும். வெள்ளிக்கிழமை அந்தப் பக்கத்தைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பித்தான் வைத்தோம்.

நர்ஸக்கா வீட்டில் அவர் வார்டு ஆட்கள் எல்லாம் வந்திருந்தார்கள். கேக்கைத் தூக்கிக்கொண்டு அம்மா முன்னால் படியேற, பின்னால் விழுந்தால் பிடிக்க நான். அவர் ஒரு துண்டை வாயில் போட்டுவிட்டு, "இதுல வெண்ணெய் எங்க? என்னமோ லேசா இருக்கே, போறதே தெரியலையே" என்றார். அம்மா, "வெண்ணெய் இல்லக்கா. என்னால எது சாப்பிட முடியுமோ அதைத்தான் போட்டேன்" என்றாள். சொல்லிவிட்டு ஒரு துண்டை எடுத்துத் தட்டில் வைத்துக்கொண்டு, அத்தனை பேர் நடுவில் நின்றபடியே முழுசாகச் சாப்பிட்டாள். நர்ஸக்கா தன் தட்டை வைத்துவிட்டு அம்மா சாப்பிடுவதையே பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அப்போதுதான் அவருக்குப் புரிந்திருக்கிறது, "அடப்பாவி பெயிண்டரே, எனக்கா கேட்டீங்க அன்னைக்கு?" என்று முதுகில் ஒன்று வைத்தார். கீழே இறங்குவதற்குள் இரண்டு ஆர்டர். அதில் ஒன்று, இதயத்துக்கு வைத்தியம் பார்த்துவிட்டு வீட்டோடு இருக்கிற ஒரு மாமனாருக்காம். இது குளிர்ச்சியிலேயே இருக்கணும், இரண்டு நாளுக்குள் தின்றுவிடணும், வெயிலில் மேஜைமேல் வைத்து வேடிக்கை பார்க்கக் கூடாது என்று அம்மா கறாராகச் சொல்லித்தான் வாங்கியிருக்கிறாள். கேட்கிறாயா, கறாராக!

உனக்கும் எழுதிவிடுகிறேன், அங்கே அந்தச் சின்ன அடுப்பிலேயே செய்யலாம். ஆடை எடுத்து ஆறிய பால் ஒரு டம்ளர், மைதா மூன்று ஸ்பூன், சர்க்கரை அரை டம்ளருக்குக் கொஞ்சம் குறைவாக, கட்டி இல்லாமல் கரைத்துச் சின்னத் தீயில் கிண்டு. கிண்டுவதை நிறுத்தாதே, போனைப் பார்க்காதே. தாளை ஒட்டி மூடி நன்றாக ஆறவிடு. தண்ணீர் வடித்த தயிர் ஒன்றரை டம்ளர். துணியில் கட்டி ஃபிரிட்ஜுக்குள்ளேயே வடியவிடு, வெளியே தொங்கவிட்டால் புளித்துவிடும், வீட்டு ஓனரும் வருவார். கேக்கை நனைக்காதே. கேக் இல்லாவிட்டால் நறுக்கிய பழத்தின் மேல் ஊற்றிச் சாப்பிடு, அதுவும் நன்றாக இருக்கிறது, நான் தினமும் அதைத்தான் செய்கிறேன், பெல்ட்டில் ஒரு ஓட்டை தள்ளிப் போட்டாயிற்று.

ஞாயிற்றுக்கிழமை போன் செய்யும்போது நீயாகவே கேக் பேச்சை எடு. ஒன்றும் தெரியாதவள் மாதிரி முதலில் இருந்து கேள், அவள் சொல்லச் சொல்ல அப்படியா அப்படியா என்று கேட்டுக்கொள், எத்தனை நேரமானாலும் போனை வை என்று சொல்லாதே. ராத்திரி தலைக்குக் குளித்துவிட்டு ஈரத்தோடு படுக்காதே. மழை நாளில் அந்தத் தேய்ந்த செருப்பு வேண்டாம், புதுசு வாங்கிவிடு. எந்த வேலை எவ்வளவு அவசரமாக இருந்தாலும் சாப்பாட்டை அடுத்த வேளைக்குத் தள்ளாதே. நீ தொட்டதெல்லாம் துலங்கி, நல்ல மனுஷர்கள் நடுவில், சிரித்த முகமாக, நூறு வயசு நன்றாக இருக்கணும் என்று அம்மாவும் நானும் மனசார வாழ்த்துகிறோம்.

இப்படிக்கு,
நாய்கள் மட்டும் மதிக்கிற,
உன் அன்பு அப்பா

பின்குறிப்பு: அம்மா கடைசிவரை படித்துவிட்டாள். மைதா மூன்று ஸ்பூன் என்றால் தலை தட்டிய ஸ்பூன் என்று எழுதச் சொன்னாள், எழுதிவிட்டேன். பிறகு கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்து, "எல்லாம் சரி, இத்தனை வருஷம் ஈரச் சுவரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்த கை, அன்னைக்கு அந்தப் பசையை ஒரு விரல் வச்சுப் பார்க்கலையா?" என்று கேட்டாள். நான் தலையைச் சொறிந்தேன். கவர் எடுக்க உள்ளே போயிருக்கிறாள், வருவதற்குள் எழுதுகிறேன். வைத்துப் பார்த்தேன் கண்ணு. நன்றாகச் சுட்டது.